வலி கிளினிக்கில் நான் மாற்றிக் கேட்ட கேள்வி

1. புக்கிங்

லண்டன் ஆஸ்பத்திரிகளில் நான் பதினாறு வருஷம் தமிழ் இன்டர்பிரட்டராக வேலை செய்தேன். டொக்டர் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளிக்குத் தமிழில் சொல்லவேண்டும். நோயாளி தமிழில் சொல்வதை டொக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்டால் லேசாக இருக்கும். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் சிலர், "அன்ரி, உங்கடை அனுபவத்தை எழுதித் தாங்கோவன்" என்று நச்சரிக்கிறார்கள். நான் கெட்டித்தனமாகச் செய்ததை எல்லாம் எழுதினால் உங்களுக்குக் கொட்டாவிதான் வரும். அதனால் நான் செய்த ஒரு பிழையை எழுதுகிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மீதே ஆத்திரம் வரும்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, கோடைகாலம். ஏஜென்சியிலிருந்து புக்கிங் வந்தது. பெயின் கிளினிக், காலை பத்தரை மணி, ஆண், இலங்கைத் தமிழர், ஒரு மணித்தியாலம். மேற்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி. நான் இருந்தது மோர்டனில். ரெயின் மாறி, பஸ் ஏறி, வழக்கம்போல அரை மணித்தியாலம் முந்தியே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கு முன்பு பிரசவ வார்டு, கண் கிளினிக், நீரிழிவு கிளினிக் என்று எல்லா இடமும் போயிருக்கிறேன். பெயின் கிளினிக் அதுதான் முதல் தடவை. ஒப்பரேஷன் செய்தும் போகாத, மருந்து எடுத்தும் போகாத வலிகளைக் கடைசியில் அனுப்புகிற இடம் அது. அங்கே இருந்த டொக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண்மணி. கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துவிட்டு மேசையெல்லாம் தேடுவார். நல்ல மனுஷி. அவர் பெயர் இங்கே வேண்டாம்.

நோயாளியின் பெயர் தவராசா என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தைந்து வயது. ஹவுன்ஸ்லோவில் குடியிருந்தார். ஊரில் ஷெல் விழுந்து இடது தொடை கிழிந்து, இரும்புத் துண்டுகள் இரண்டு இன்னும் உள்ளேயே கிடந்தன. ஜேர்மனியில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கிற ஒரு கம்பனியில் வேலை. பெல்ட்டில் ஓடி வருகிற தட்டுகளில் பாணும் பட்டரும் கரண்டியும் அடுக்க வேண்டும். எட்டு மணித்தியாலம் நின்றபடி. கூட வந்திருந்தவர் அவருடைய மனைவி ராணி. ஒல்லியான பெண், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார்.

"வலி எப்படிப்பட்டது என்று கேளுங்கள்" என்றார் டொக்டர்.

தவராசா என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "பகலிலை உளையும் அக்கா. பின்னேரம் விறைக்கும். இரவிலைதான் கூத்து. நெருப்புக் கம்பியாலை இழுத்தமாதிரி எரியும். இடைக்கிடை சுள்ளெண்டு குத்தும். போர்வை பட்டாலும் ஏலாது."

உளைவு, விறைப்பு, எரிவு, குத்து. ஒவ்வொன்றும் வேறு வேறு வலி. ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அள்ளிக் கொட்டிவிடலாம். நான் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து விளக்கினேன். டொக்டருக்கு ஒரே சந்தோஷம். உளைவு என்கிற சொல்லை எழுத்துக்கூட்டிக் கேட்டுத் தன் கொப்பியில் குறித்தார். "இது நரம்பு வலி. இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை" என்று என்னைப் புகழ்ந்தார். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துப் போயிற்று என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"உங்களுக்கு இந்தக் கிளினிக்கில் என்ன வேண்டும்?" என்று டொக்டர் கேட்டார்.

"வேலைக்குப் போகவேணும். நான் பென்சனோ பெனிபிட்டோ கேட்டு வரேல்லை. நிண்டு வேலை செய்யக்கூடிய கால் வேணும். அவ்வளவுதான்" என்றார் தவராசா.

2. அந்தக் கேள்வி

பிறகுதான் டொக்டர் கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"வலிக்காக எப்போதாவது கஞ்சா பாவித்திருக்கிறாரா என்று கேளுங்கள். புகைத்தோ, சாப்பிட்டோ, குடித்தோ, எப்படியென்றாலும் சரி. நான் பொலிஸ் இல்லை. இங்கே வருகிற எல்லோரிடமும் இதைக் கேட்கிறேன். பாவித்து வலி குறைந்திருந்தால் எனக்கு அது தெரியவேண்டும்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஐம்பது வயதில், பொட்டும் கொண்டையுமாக இருக்கிற ஒரு பெண், மனைவி பக்கத்தில் இருக்கும்போது ஒரு குடும்பகாரனைப் பார்த்து "நீங்கள் கஞ்சா எடுக்கிறனீங்களோ?" என்று கேட்பதா? எங்கள் ஆட்களிடையே அது என்ன சொல் என்று உங்களுக்குத் தெரியும். போதாக்குறைக்கு இவர்கள் இரண்டு பேரையும் ஆர்ச்வே முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் கண்டிருக்கிறேன். நாளைக்கு அங்கே போனால், "அந்த அக்கா என்ரை மனிசனைக் கஞ்சாக்காரனாக்கிப் போட்டா" என்று ராணி நாலு பேரிடம் சொன்னால் என் மானம் என்ன ஆவது? இவ்வளவும் ஒரு நொடிக்குள் என் மண்டைக்குள் ஓடியது.

நான் இப்படிக் கேட்டேன்: "தம்பி, குடி, சிகரெட் மாதிரிக் கெட்ட பழக்கங்கள் ஏதும் இருக்கோ எண்டு கேக்கிறா."

"சீச்சீ. ஒண்டும் இல்லை அக்கா" என்றார் தவராசா.

ராணி குறுக்கே விழுந்து, "கோயில் குளம் எண்டு திரியிற மனிசன் அக்கா. ஒரு பியர் போத்திலைக்கூட மணந்து பாக்கமாட்டார்" என்றார்.

நான் டொக்டரின் பக்கம் திரும்பினேன். "இல்லை. அவர் ஒருநாளும் கஞ்சா பாவித்ததில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கேட்காத கேள்விக்கு, அவர் சொல்லாத பதில். எவ்வளவு சுளுவாக வாயில் வந்தது தெரியுமா? கண்கூட இமைக்கவில்லை.

டொக்டர் உதட்டைப் பிதுக்கினார். "ஓ, பரவாயில்லை. கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த ஒரு ஸ்பிரே இருக்கிறது, வாய்க்குள் அடிப்பது. இங்கே இன்னும் லைசன்ஸ் இல்லை. ஆனால் ஒரு நோயாளிக்கென்று என் பொறுப்பில் கேட்டு எடுக்கலாம். இந்த வகை நரம்பு வலியில் சிலருக்கு நல்ல சுகம் தருகிறது. ஏற்கெனவே பாவித்துப் பலன் கண்டவர் என்றால் ஆஸ்பத்திரி மருந்துக் கொமிட்டியில் வாதாட எனக்கு ஒரு பிடி இருந்திருக்கும். ஒன்றுமே இல்லாமல் கேட்டால் தரமாட்டார்கள். இதை அவருக்கும் சொல்லுங்கள்."

எப்படிச் சொல்வேன்? கஞ்சாவைப் பற்றிக் கேட்கவே இல்லையே. இப்போது கஞ்சா ஸ்பிரே என்று தொடங்கினால் முதல் பொய் வெளியே வந்துவிடும். "வேறை குளிசை தந்து பாப்பம் எண்டு சொல்லுறா" என்று பூசி மெழுகினேன். தவராசா தலையாட்டினார்.

டொக்டர் மோர்பின் வகை மாத்திரை ஒன்று எழுதினார். எழுதிவிட்டு, "இதோடு வேறு எதையும் எடுக்கக்கூடாது. மற்றவர்களின் குளிசை, கடையில் வாங்குவது, எதுவும். மிக முக்கியம்" என்றார். இதை மட்டும் ஒரு சொல் விடாமல், அவர் அழுத்திய இடத்தில் நானும் அழுத்தி, அச்சொட்டாகச் சொன்னேன்.

ராணி கைப்பையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "அப்ப நாட்டு மருந்தும் கூடாதோ அக்கா?"

பிள்ளைகளே, இது டொக்டரிடம் கேட்ட கேள்வி. நான் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டிருந்தால், டொக்டர் உடனே "என்ன நாட்டு மருந்து?" என்று விசாரித்திருப்பார். நான்தான் பெரிய மனுஷி ஆயிற்றே. எனக்குத் தெரியாததா? "அதுவும் கூடாது" என்று நானே பதில் சொல்லிவிட்டேன்.

டொக்டர், "என்ன கேட்டார்?" என்றார்.

"குளிசையைப் பற்றித்தான்" என்றேன். டைம்ஷீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

3. திருத்தலாம் என்றிருந்த நாட்கள்

பஸ்ஸிலேயே எனக்கு நெஞ்சு குறுகுறுத்தது. அடுத்த தடவை திருத்திவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து அடுத்த அப்பொயின்ட்மென்ட். டொக்டர் பக்கத்தில் நின்ற ஒரு நேர்ஸிடம், "இவர்தான் எங்கள் தமிழ் இன்டர்பிரட்டர். அருமையாகச் செய்வார்" என்று என்னை அறிமுகம் செய்தார். அதைக் கேட்ட பிறகு, "டொக்டர், போன தடவை நான் உங்களிடம் பொய் சொன்னேன்" என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் ஏஜென்சிக்குக் கடிதம் போகும், லிஸ்டிலிருந்து பெயரை வெட்டுவார்கள். அப்போது என் வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தவராசாவின் முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. "நோ குறைஞ்சிருக்கோ?" என்று கேட்டேன், வலி குறைந்திருக்கிறதா என்று டொக்டர் கேட்டபடி.

"குறையேல்லை அக்கா. முந்தியைவிடக் கூடிப்போச்சு. ஆனா எந்த நேரமும் நித்திரை தூங்குது. பெல்ட்டிலை நிண்டபடி தூங்கி விழுறன். சூப்பர்வைசர் ரெண்டு தரம் கூப்பிட்டுப் பேசிப்போட்டார்."

எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்தேன். நான் சொல்வது புரிகிறதா? அன்றைக்கு நான் சொன்னதெல்லாம் உண்மை. அடியில் கிடந்தது பொய். "முந்தியைவிடக் கூடியிருக்கிறது" என்பதைக் கேட்டு டொக்டர், நோய் வளர்கிறது என்று முடிவு கட்டினார். குளிசையின் அளவைக் கூட்டினார்.

இப்படியே அடுத்த அப்பொயின்ட்மென்ட், அதற்கடுத்தது. அளவு கூடியது, மலச்சிக்கலுக்கு ஒரு குளிசை சேர்ந்தது, மனச்சோர்வுக்கு இன்னொன்று சேர்ந்தது. முதுகில் ஊசி போட்டார்கள், அதுவும் பலிக்கவில்லை. ஒருநாள் கிளினிக்கில் டொக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே தவராசா கதிரையில் தலை தொங்கித் தூங்கிப்போனார். ராணி அவருடைய தோளைப் பிடித்து உலுப்பினார்.

எழும்பி, "மன்னிக்கவேணும் டொக்டர்" என்றார். அந்த மாதந்தான் கம்பனி அவரை நிறுத்தியிருந்தது.

டொக்டரும் கவலைப்பட்டார். "எல்லாம் செய்து பார்க்கிறேன். இவருக்கு எந்த மருந்துமே பலிக்கவில்லையே" என்று என்னிடம் சொன்னார். இப்போதாவது சொல்லு, சொல்லடி என்று எனக்குள் கிடந்து அடித்துக்கொண்டது. வாயில் கொழுக்கட்டை வைத்தவள்போல நின்றேன். அதன் பிறகு அந்தக் கிளினிக் புக்கிங் வந்தால், வேறு இடத்தில் வேலை இருக்கிறது என்று தட்டிக் கழிக்கத் தொடங்கினேன்.

4. ஆர்ச்வேயில் பிரசாதம் வாங்கப் போய்

இரண்டாயிரத்து ஒன்பதில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசை முடிந்து, ஆர்ச்வே கோயிலில் பிரசாதப் புக்கைக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ராணி. தனியாக வந்திருந்தார். ஒளிந்துகொள்ள இடமில்லை.

"தம்பி வரேல்லையோ?" என்றேன்.

"எங்கை அக்கா, படியேற ஏலாது. நாள் முழுக்கப் படுக்கைதான். என்ன கேட்டாலும் ஓம் ஓம் எண்டுவார், பிறகு என்ன கேட்டது எண்டு தெரியாது. மகள் பள்ளிக்கூடத்தாலை வந்து ஏதேன் சொன்னாலும் காதிலை விழாது" என்றார். வரிசையில் ஓர் அடி நகர்ந்துவிட்டுத் தொடர்ந்தார்: "இந்தக் குளிசை துவங்க முதல் எவ்வளவு நல்லா இருந்த மனிசன் அக்கா. நோ இருந்ததுதான். ஆனா பால் குடிச்சுப்போட்டுப் படுத்தா விடிய அஞ்சு மணிக்கு எழும்பி ஷிப்டுக்குப் போயிடுவார்."

"என்ன பால்?"

"நான் காய்ச்சிற பால்தான். அப்பா ஊரிலை பரியாரியார் எல்லோ. நரம்பு நோவுக்கு அவர் குடுக்கிற கைமருந்து. இலையை நல்லாக் கழுவி, நெய்யிலை வாட்டி, பாலிலை போட்டுக் காய்ச்சி வடிச்சு, அரைக் கோப்பை. அதுக்கு மேலை குடுக்கக் கூடாது எண்டு அப்பா சொல்லித் தந்தவர்."

"என்ன இலை ராணி?"

"கஞ்சாதான். வேறை என்ன?"

கறிவேப்பிலை என்று சொல்வதுபோலச் சொன்னார். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் தன் தட்டை நீட்டினார்.

"இஞ்சை லேசிலை எடுக்கேலாது. இவரின்ரை வேலையிலை ஒரு சிநேகிதர் கொண்டந்து தாறவர். களவுச் சாமான் எண்டு தெரியும், ஆனா மருந்துக்குத்தானே எண்டு வாங்கினனாங்கள்."

"இதை ஏன் டொக்டரிட்டைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். கேட்கிற தகுதி எனக்கு இருந்ததா? ஆனாலும் கேட்டேன்.

ராணி என்னை வியப்பாகப் பார்த்தார். "அவ அதைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையே அக்கா. நான் நாட்டு மருந்து கூடாதோ எண்டு கேட்டனான். நீங்கள்தானே அதுவும் கூடாது எண்டனீங்கள். டொக்டர் சொன்னா கேக்கத்தானே வேணும். அண்டையோடை நிப்பாட்டிப்போட்டன்."

குடியா, சிகரெட்டா, கெட்ட பழக்கமா என்று கேட்டபோது இரண்டு பேரும் சத்தியமாகத்தான் இல்லை என்றிருக்கிறார்கள். அப்பாவின் கைமருந்தை யார் கெட்ட பழக்கத்தில் சேர்ப்பார்கள்? கஞ்சா எடுத்தீர்களா என்று நேரே கேட்டிருந்தால், ஓம் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருப்பார்கள். வெட்கப்பட வேண்டிய கேள்வி என்று முடிவு கட்டியவள் நான் ஒருத்திதான்.

"இப்ப திரும்பத் துவங்கேலாதோ?" என்றேன்.

"பயமாக் கிடக்கு அக்கா. இந்தக் குளிசை குடிச்சே இப்பிடிக் கிடக்கிறார். அதுக்கு மேலை இதையும் குடுத்து மூச்சு நிண்டா? குளிசையை நிப்பாட்டினா உடம்பு நடுங்கி வேர்க்குது. ரெண்டு பக்கமும் போகேலாது."

அவர் புக்கையை வாங்கிக்கொண்டு கணவருக்கென்று ஒரு டப்பாவில் கொஞ்சம் எடுத்து வைத்தார். நான் சாப்பிடாமலேயே வந்துவிட்டேன்.

5. புதிய டொக்டர்

திங்கட்கிழமை ஏஜென்சிக்கு போன் செய்து, தவராசாவின் அடுத்த அப்பொயின்ட்மென்டுக்கு நான் போகிறேன் என்று கேட்டு வாங்கினேன். அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு. இரண்டு கிழமையாக அதை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தேன்.

போனால், கண்ணாடி டொக்டர் இல்லை. வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். அவருடைய கதிரையில் இளம் வயது டொக்டர் ஒருவர். தவராசாவும் ராணியும் வருவதற்கு முன்பே நான் அறைக்குள் போய், "உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும்" என்று தொடங்கி, முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். பாடம் செய்த ஆங்கிலம் எல்லாம் பறந்துவிட்டது. தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன்.

அவர் பைலைப் புரட்டி, மூன்று வருஷத்துக்கு முந்திய கடிதத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார். "கஞ்சா ஒருபோதும் பாவித்ததில்லை என்கிறார், இன்டர்பிரட்டர் மூலம்" என்று இருந்தது. அடுத்த வரியில், "மற்றபடி ஸ்பிரேக்குப் பொருத்தமானவர்" என்று இருந்தது.

"இப்போது கேட்டுப் பார்க்கலாமா டொக்டர்?" என்றேன்.

"விண்ணப்பம் போடுகிறேன். ஆனால் நம்பிக்கை தரமாட்டேன்" என்றார். "எனக்கு முன்பு இருந்தவர் சிலருக்கு எடுத்துக் கொடுத்தார். இப்போது எங்கள் கொமிட்டி அதை அனுமதிப்பதில்லை. கஞ்சாச் சட்டத்தையும் திரும்ப இறுக்கிவிட்டார்கள். போதாததற்கு இவர் இப்போது எடுக்கிற மோர்பின் அளவு மிக அதிகம். முதலில் அதைக் குறைக்கவே மாதக்கணக்காகும். அன்றைக்குத் தெரிந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்."

அந்த ஸ்பிரே தவராசாவுக்குப் பலித்திருக்குமா? எனக்குத் தெரியாது. பலிக்காமலும் போயிருக்கலாம். எல்லோருக்கும் அது கேட்பதில்லை என்று இரண்டு டொக்டர்களும் சொன்னார்கள். ஆனால் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற உரிமை அவருடையது. அவரைக் கேட்காமலே அதை நான் எடுத்து வீசிவிட்டேன்.

பைலில் திருத்தி எழுதினார். ஏஜென்சிக்கு அறிவிக்கவேண்டியது தன் கடமை என்று மரியாதையாகச் சொன்னார். செய்யுங்கள் என்றேன். ஏஜென்சி என்னை ஆறு மாதம் நிறுத்தி வைத்தது, பிறகு திரும்பப் பயிற்சிக்கு அனுப்பியது. அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

அன்றைய அப்பொயின்ட்மென்டுக்குப் போனில் வேறு இன்டர்பிரட்டரை எடுத்தார்கள். நான் வெளியே வந்தபோது தவராசா தடியை ஊன்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். "அக்கா, கனகாலம் காணேல்லை" என்று சிரித்தார்.

6. ஹவுன்ஸ்லோ வீட்டில்

அவர்களுக்கும் நானே சொல்லவேண்டும் என்று அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஹவுன்ஸ்லோவுக்குப் போனேன். இன்டர்பிரட்டர் நோயாளியின் வீட்டுக்குப் போகக்கூடாது என்பது ஏஜென்சியின் விதி. அதையும் மீறினேன். முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். தவராசா தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். ராணி தேத்தண்ணி போட எழும்பினார். "வேண்டாம், இருங்கோ ராணி, முதல்லை இதைக் கேளுங்கோ" என்றேன்.

சொன்னேன். டொக்டர் கேட்டது இது, நான் கேட்டது இது. நீங்கள் சொன்னது இது, நான் டொக்டருக்குச் சொன்னது இது. ஸ்பிரேயைப் பற்றிச் சொன்னேன். நாட்டு மருந்துக் கேள்விக்கு டொக்டர் பதில் சொல்லவில்லை, நானே சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

ராணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து நின்றார். "என்ன அக்கா சொல்லுறியள்? டொக்டர் கூடாது எண்டு சொல்லேல்லையோ? நீங்களாச் சொன்னதோ? என்ரை மனிசன் மூண்டு வருசமாக் கிடந்து சாகிறார். வேலை போச்சு. பிள்ளை தேப்பன்ரை முகத்தைப் பாத்துக் கதைச்சு எத்தினை நாள்! உங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்ல வெக்கமோ? நாங்கள் உங்களிட்டை மானத்தைக் காப்பாத்தித் தாங்கோ எண்டு கேட்டனாங்களோ?"

"பிழை விட்டிட்டன் ராணி. மன்னிப்புக் கேக்கவும் எனக்கு முகம் இல்லை" என்றேன். அழுதேன். அழுவதற்குக்கூட எனக்கு அங்கே உரிமை இல்லை என்று தோன்றியது, ஆனாலும் அழுதேன்.

தவராசா கையைத் தூக்கி மனைவியை நிறுத்தினார். குளிசை மயக்கத்தில் அவருக்குச் சொற்கள் மெதுவாகத்தான் வரும்.

"அக்கா, அப்ப அந்த டொக்டர் எனக்கு ஒரு மருந்து எடுத்துத் தர எண்டு யோசிச்சவவோ?"

"ஓம் தம்பி."

"எனக்கு நோ இருக்கெண்டு நம்பினவவோ?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. "நம்பினவ தம்பி. கடைசி வரைக்கும் நம்பினவ. உங்களுக்கு ஒரு மருந்தும் பலிக்கேல்லையே எண்டு கவலைப்பட்டவ."

அவர் ராணியின் பக்கம் திரும்பினார். "கேட்டனீரே? அவ நம்பினவவாம். நான் நினைச்சன், நான் வேலைக்குக் கள்ளத்திலை நோ எண்டு நடிக்கிறன் எண்டு நினைச்சுத்தான் நித்திரைக் குளிசை தந்து படுக்க வைச்சவ எண்டு. அதுதான் பிறகு பிறகு நோவைப் பற்றி அதிகம் சொல்லாமல் விட்டனான்."

அவருடைய முகத்தில் ஒரு தெளிவு வந்தது. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மனிதர் சந்தோஷப்பட்டார், அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

ஸ்பிரே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. மோர்பினை மெல்ல மெல்லப் பாதியாகக் குறைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வேலைக்கு அவர் திரும்பவில்லை. ராணி என்னோடு பேசுவதில்லை, அது நியாயம்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். டொக்டர் எந்தச் சொல்லைச் சொன்னாரோ அதையே சொல்லுங்கள். கூசினால் கூசட்டும், கூசிக்கொண்டே சொல்லுங்கள். பிழை விட்டால் அன்றைக்கே, அந்த அறையிலேயே, கதவு சாத்துவதற்கு முன்பே வாயைத் திறந்து சொல்லுங்கள். நான் என் மானத்துக்குப் பயந்து ஒரு சொல்லை விழுங்கினேன். அதனால் ஒரு மனிதர், தன் வலியை யாரும் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டு மூன்று வருஷம் அந்த முன்னறையில் படுத்திருந்தார்.